ஜூன் ஒன்றாம் தேதிப் பிள்ளை

ஒவ்வொரு வருடமும் ஜூன் முதல் தேதி எனக்குப் பதினொரு போன் வரும். அன்று எனக்குப் பிறந்தநாள் இல்லை. கூப்பிடுகிறவர்களுக்கும் உண்மையில் அன்று பிறந்தநாள் இல்லை. பள்ளிப் பதிவேட்டின்படி அன்று பிறந்தவர்கள் அவர்கள். அந்தப் பதிவேட்டை எழுதியவன் நான்.

அனந்தபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராகப் பத்தொன்பது வருடம் இருந்தேன். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பிள்ளையைக் கையில் பிடித்து வருகிறவர்களுக்குத் தேதி தெரியாது. "ஏரி ஒடைஞ்சுதே, அந்த வருசம் சார்" என்பார்கள். "சின்ன மாமனாரு செத்த எட்டாம் நாளு" என்பார்கள். நான் ஆண்டைக் குத்துமதிப்பாகக் கணக்கிட்டு, நாளுக்கு ஜூன் ஒன்று என்று போட்டுவிடுவேன். பள்ளி திறக்கும் நாள், மறக்காது. பின்னாளில் எண்ணிப் பார்த்தேன்: அறுபத்து நான்கு பேர். அவர்களில் பதினொரு பேர், "சார், நீங்க குடுத்த பொறந்தநாளு வந்துடுச்சி" என்று வருடாவருடம் கூப்பிடுவார்கள்.

இந்த வருடம் பத்துதான் வந்தது.

வராமல்போன அந்தப் பதினொன்றாவது அழைப்பு எப்போதும் முதலாவதாக வருவது. காலை ஆறு மணிக்கு, நான் பால் வாங்கிக்கொண்டு வீட்டுப் படி ஏறும்போது மணி அடிக்கும். கனடாவில் அப்போது முந்தின நாள் இரவு எட்டரை. "இங்க இன்னும் மே முப்பத்தொண்ணுதான் சார். இன்னும் மூணரை மணி நேரத்துக்கு எனக்கு வயசாவல" என்று சிரிப்பாள். அங்கிருந்து ஐந்து வருடம், ஐந்து அழைப்பு. ஐந்திலும் அந்த வாக்கியம் இருந்தது.

அவளை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு முட்டை. சத்துணவில் வாரம் ஒரு முட்டை போட்ட காலம். அவள் இரண்டாம் வகுப்பு. முட்டைகளை எண்ணி வாங்குகிறவன் நான். எண்ணித்தான் பிள்ளைகளை உட்கார வைப்பேன். அன்று எல்லாருக்கும் போட்ட பிறகு சட்டியில் ஒன்று மிச்சம் இருந்தது. யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தட்டுத் தட்டாகப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் தட்டில் மட்டும் மஞ்சள் துணுக்கு இல்லை.

"உனக்குப் போடலையா?"

தலையை ஆட்டினாள்.

"கேக்கறதுதானே? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"அவங்களுக்கே தெரியும்ல சார்" என்றாள், சமையலம்மாவைப் பார்த்தபடி. குற்றம் சொல்லும் குரல் இல்லை. அந்த அம்மாவுக்குத் தெரியும், எப்படியும் போடுவார்கள் என்று உண்மையாகவே நம்பிச் சோற்றை மெதுவாகத் தின்றுகொண்டிருந்தாள்.

அவள் இப்படித்தான். யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். கொடுக்க வேண்டியவர்களுக்கே தெரியும் என்று இருந்துவிடுவாள். வீம்பு என்று நான் நினைத்ததுண்டு. வீம்புக்காரப் பிள்ளைகளின் முகத்தில் ஒரு கடுப்பு இருக்கும், அவளிடம் அது இல்லை. அவள் அம்மா ஒருமுறை சொன்னார்: "பல்லு வலின்னுகூட சொல்லாது சார். கன்னம் பன்னு மாதிரி வீங்குனாத்தான் நமக்குத் தெரியும்."

நான்காம் வகுப்பில் பிள்ளைகளைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். ராஜகிரி ஏறும்போது படிகளை எண்ணுவது என் பழக்கம். ஒவ்வொரு தடவையும் கணக்கு வேறாக வரும், அந்த ஆத்திரத்தில் அடுத்த தடவையும் எண்ணுவேன். அன்று என் பின்னாலேயே வந்தவள் அவள். உச்சியில் போய் உட்கார்ந்த பிறகுதான் அவள் இடது பாதத்தில் ரத்தம் காய்ந்திருந்ததைப் பார்த்தேன். அரை விரல் நீளத்துக்குக் கருவேல முள். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியிருந்தது.

"எங்கடி குத்துச்சு?"

"கீழ, கல்யாண மகால்கிட்ட."

"அங்கயே சொல்லக்கூடாதா? இவ்ளோ தூரம் முள்ளோடவா ஏறுன?"

"நீங்க எண்ணிக்கினு இருந்தீங்க சார். நடுவுல கூப்ட்டா எண்ணிக்கை போயிடும்ல."

அன்று என் கணக்கு சரியாக வந்ததா என்று கேட்காதீர்கள். முள்ளைப் பிடுங்கியபோது எல்லாம் மறந்துபோயிற்று.

அவளைப் பள்ளியில் சேர்த்த நாளுக்கு வருகிறேன். வரத்தான் வேண்டும், தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அவள் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். எப்போது பிறந்தது என்று கேட்டதற்கு, அதிசயமாக, பளிச்சென்று பதில் வந்தது. "மயானக் கொள்ளை அன்னிக்கு சார். அதுங்க நைனா மேல்மலையனூரு போயிட்டாரு. வீட்ல நான் ஒண்டிதான். அந்த வருசம் மல்லாட்ட நல்லா வெளைஞ்சுது, கொடி புடுங்க ஆளே கெடைக்கல." நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மேல்மலையனூர்த் திருவிழாவான மயானக் கொள்ளை மாசி அமாவாசையில் வருவது. மாசியிலிருந்து எண்ணினேன். நாலு வயது, மூன்று மாதம்.

வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னேன். எட்டவில்லை, ஒரு அங்குலம் குறைந்தது. நான் அவள் முழங்கையைக் கொஞ்சம் தள்ளிவிட்டேன். விரல் காதைத் தொட்டது. அவள் பிறந்த ஆண்டுக்கு முந்தைய ஆண்டு ஜூன் ஒன்று என்று எழுதினேன்.

"ஒரு வருசம் லாபம்மா உன் பொண்ணுக்கு" என்றேன். அம்மா கும்பிட்டார்.

இருபத்தைந்து வருடமாக நானும் அதை உபகாரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை இதுதான்: அந்த வருடம் எங்கள் பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. ஒன்று குறைந்தால் ஓர் ஆசிரியர் இடம் போய்விடும், இரண்டு வகுப்பை நானே சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு ஒரு தலை தேவைப்பட்டது. வந்த தலை அவளுடையது.

அவள் நன்றாகப் படித்தாள். உணவுத் தொழில்நுட்பம் படித்தாள். வங்கிக் கடனில் கனடா போய் இரண்டு வருடம் மேற்படிப்பு. பிறகு அங்கேயே பால் பொருள் ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூன்று வருடம் தங்கி வேலை செய்ய அனுமதி கொடுத்திருந்தார்கள். அதற்குள் நிரந்தர வசிப்புரிமைக்குத் தகுதி பெற வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். இதையெல்லாம் நான் போனில் தோண்டித் தோண்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டது. அவளாகச் சொன்னவை குறைவு. முதல் குளிர்காலம் முழுக்க நிலவறை வீடு ஒன்றில் ஐந்து பெண்களோடு இருந்தாள். அவள் படுத்த மூலைக்கு மட்டும் சூடு வரவில்லை. நாலு மாதம் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறாள்.

"வீட்டுக்காரன்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?"

"மாசாமாசம் வந்து பாத்துட்டுத்தான் போறாரு சார். அவருக்கே தெரியும்ல."

எனக்கு அந்த நாட்டின்மேல் ஒரு மரியாதை வந்தது அவர்கள் மார்க் போடும் முறையால். வயதுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, ஆங்கிலத் தேர்வுக்கு இத்தனை, அங்கே வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் இத்தனை. எல்லாவற்றையும் கூட்டி, அவ்வப்போது ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு மேல் இருப்பவர்களை எடுத்துக்கொள்வார்கள். மனிதரை இப்படி எண்ணி எடுக்கும் நாடு ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அந்தப் பட்டியலை அவளிடம் வாட்ஸப்பில் வாங்கி, காலண்டர் தாளின் பின்பக்கம் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். போனில் இருவரும் சேர்ந்து கூட்டுவோம். "உங்கள மாதிரியே ஆயிட்டேன் சார், எத்தப் பாத்தாலும் எண்ணத் தோணுது" என்பாள். என் வாழ்க்கையில் கணக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

போன வருடம் பிப்ரவரி கடைசியில் ஒரு காலையில் கூப்பிட்டாள். ஜூன் இல்லையே, என்ன என்று பதறிவிட்டேன்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

விஷயம் இது. ஆடி மாதத்தில் அவளுக்கு மூன்று வருட அனுபவம் முடிகிறது. அதற்கான மார்க் சேர்ந்தால் கோட்டைத் தாண்டிவிடலாம். ஆனால் முப்பது வயது ஆனதும் வயதுக்கான மார்க்கில் ஐந்து குறையும். பாஸ்போர்ட்டின்படி அவளுக்கு ஜூன் ஒன்றில் முப்பது. உண்மையில் அதற்கு அடுத்த மாசியில்தான். அவள் நைனா கிராமப் பதிவேட்டில் தேடி, பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டார். தலையாரி அன்றே சரியாக எழுதிவைத்திருக்கிறார். பள்ளித் தேதி ஏன் வேறாக இருக்கிறது என்று பாஸ்போர்ட் அலுவலகத்தில் கேட்பார்கள். சேர்த்துக்கொண்ட தலைமையாசிரியரே ஒரு கடிதம் கொடுத்தால் அதைச் சேர்த்து விண்ணப்பிக்கலாம்.

"நீங்க அப்ப எப்படிப் போட்டீங்களோ, அத அப்படியே எழுதித் தந்தாப் போதும் சார். பொய்யி ஒண்ணும் வேணாம்."

"யோசிச்சி சொல்றேம்மா" என்றேன்.

"சரி சார்" என்றாள். "முட்டி வலி எப்படி இருக்குது?"

காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு வருடம் லாபம் என்று நான் கொடுத்தது அங்கே ஐந்து மார்க் நஷ்டமாக உட்கார்ந்திருந்தது.

என் பயத்தைச் சொல்கிறேன். ஒருத்திக்கு எழுதிக் கொடுத்தால் அறுபத்து நான்கு பேருக்கும் எழுதிக் கொடுத்தது போல. அரசுப் பதிவேட்டில் பொய்த் தேதி போட்டேன் என்று நானே கையெழுத்துப் போட்டால், நாளைக்கு யாராவது விசாரணை என்று வந்து நிற்பான். பென்ஷனை நிறுத்துவார்களா? எழுபத்தாறு வயதில் எந்த ஆபீஸ் படி ஏறுவது? என் மனைவியிடம் சொன்னேன்.

"இன்னா பெரிய கலெக்டரு ரிஜிஸ்தரு இது" என்றாள் அவள். "ஊருக்கே தெரியும், நீங்க குத்துமதிப்பாப் போட்டீங்கன்னு. எழுதிக் குடுங்க அந்தப் பொண்ணுக்கு."

"உனக்குச் சட்டம் தெரியாது."

"எனக்குச் சட்டம் தெரியாதுதான். மலைமேல படி எண்ணத் தெரியுது உங்களுக்கு, ஒரு பொண்ணு வாயத் தொறந்து கேக்கறது எத்தினி தடவைன்னு தெரியலையே."

எழுதினேன். ஏழு தடவை எழுதிக் கிழித்து, எட்டாவதை வைத்துக்கொண்டேன். "இப்பிள்ளையின் தாய் சொன்ன நாள் மாசி மாத மயானக் கொள்ளை. வயது போதாததால் நான் முந்தைய ஆண்டு ஜூன் ஒன்று என்று எழுதினேன். பிழை என்னுடையது." முழங்கையைத் தள்ளிவிட்டதை எழுதவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன், உறையில் வைத்தேன். மறுபடி கேட்டால் அன்றைக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

உலகத்தில் எவரும் இன்னொரு தடவை கேட்பார்கள். நானாக இருந்தால் நாளுக்கு மூன்று தடவை கேட்டிருப்பேன். மார்ச் போயிற்று. ஏப்ரலில் அவள் அம்மாவைச் செஞ்சிக் கடைத்தெருவில் பார்த்தேன், அவரும் கேட்கவில்லை. நாட்களை எண்ணினேன். தொண்ணூற்று மூன்று நாள். என்னிடம் அவளுடைய எண் இருந்தது, உறை இருந்தது, தபாலாபீஸ் என் வீட்டிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. அவள் கேட்பதற்காகக் காத்திருந்தேன். அவள் எனக்கே தெரியும் என்று காத்திருந்தாள்.

ஜூன் ஒன்று. காலை ஆறு மணி.

"சார், நீங்க குடுத்த பொறந்தநாளு." அதே சிரிப்பு. "இங்க இன்னும் மே முப்பத்தொண்ணுதான். இன்னும் மூணரை மணி நேரம் எனக்கு இருபத்தொம்போதுதான் சார்."

கடிதம் அலமாரியில்தான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், எப்போது எழுதியது என்று கேட்பாளோ? அவள் கேட்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்ல முடியவில்லை. "நல்லா இரும்மா" என்றேன். எல்லாருக்கும் சொல்வதுபோல.

ஆடி முடிந்து போட்ட கோட்டில் அவள் மூன்று மார்க் கீழே இருந்தாள். அடுத்ததிலும் எட்டவில்லை. அதை அவள் சொல்லவில்லை. அவள் அம்மா மல்லாட்டை மூட்டைமேல் உட்கார்ந்து, விலைக்காகக் காத்திருந்தபடி சொன்னார். "மூணு மார்க்குல போச்சாம் சார். பள்ளிக்கூடத்துல ஒரு பரீட்சையிலகூட அது கம்மியா வாங்குனதில்ல. அதுக்கு ராசி அவ்ளோதான், போங்க." பிறகு எனக்கு ஆறுதலாக, "பொண்ணு கண்ணு எதிர்ல இருக்கும்ல சார்" என்றார்.

கார்த்திகையில் அனுமதி முடிந்தது. அவள் வந்துவிட்டாள் என்பதை நான் கேள்விப்பட்டேன். என் வீட்டுக்கு வரவில்லை. நானும் போகவில்லை. கடிதம் அலமாரியிலிருந்து என் துணிப்பைக்கு மாறியது, அவ்வளவுதான்.

இந்த வருடம் மாசியில், மயானக் கொள்ளை அன்று, செஞ்சி பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். மேல்மலையனூருக்கு விடும் சிறப்பு பஸ்களை எண்ணுவது எனக்கு வருடாந்திர வேலை. பதினெட்டு போயிருந்தது. பத்தொன்பதாவது பஸ்ஸுக்கு முண்டியடித்த கூட்டத்தில், கையில் கொழுக்கட்டைத் தூக்குடன் அவள் அம்மா. பின்னால் அவள். கொஞ்சம் வெளுத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள்.

"சார்!" என்று கூட்டத்தை விட்டு வந்தாள். "நல்லா இருக்கீங்களா? முட்டி வலி?"

"இருக்குதும்மா. நீ?"

"மெட்ராஸ்ல ஒரு பால் கம்பெனில சேந்திருக்கேன் சார். அதே வேலைதான். அங்க கையுறைய மாத்தி மாத்திப் போடுவோம், இங்க ஒண்ணையே கழுவிப் போடறோம்." சிரித்தாள். "இன்னிக்கித்தான் சார் எனக்கு நெசமாவே முப்பது."

நான் பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினேன். அவள் வெயிலில் நின்றபடியே பிரித்துப் படித்தாள். பரிசோதனைக் கூடத்துத் தாளைப் படிப்பதுபோல் மேலிருந்து கீழே, ஒரு வரி விடாமல்.

"எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க சார்."

"இது இருந்திருந்தா..."

"ஆயிருக்குமோ, ஆயிருக்காதோ. அவங்க ஒத்துக்கினு இருப்பாங்கன்னு எப்படி சொல்றது?" தாளின் அடிப்பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "கீழ தேதி போடலையே சார்."

குனிந்து பார்த்தேன். கையெழுத்து இருந்தது. பக்கத்தில் தேதி போடும் இடம் வெறுமையாக இருந்தது. அது மறதி என்று அவளிடம் சொல்லத் தோன்றியது. பத்தொன்பது வருடம், அறுபத்து நான்கு பிள்ளைகளுக்கு யோசிக்காமல் தேதி போட்டவன் மறப்பேனா? தேதி இல்லாத கடிதம் செல்லாது. அது தெரிந்துதான் விட்டிருக்கிறேன்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். கண்டக்டர் விசில் ஊதினார். "யம்மாடி, சீட்டு போயிடும்டி, வாடி!" என்று அவள் அம்மா படிக்கட்டிலிருந்து கத்தினார். அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தாளை அதன் மடிப்பிலேயே மடித்து, உறையில் போட்டு, என் கையில் வைத்தாள்.

"நீங்களே வெச்சிக்கோங்க சார். எந்தத் தேதி போடணும்னு உங்களுக்கே தெரியும்ல."

அதில் கடுப்பு இருந்ததா என்று நான் அவள் முகத்தில் தேடினேன். முட்டைக்குக் காத்திருந்த முகம்தான் அது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

அதன் பிறகு அவளைப் பார்க்கவில்லை. ஜூன் ஒன்று வந்தது, ஆறு மணிக்குப் பால் வாங்கி வந்து படியிலேயே நின்றேன். ஏழு மணி வரை நின்றேன். பால் திரிந்துவிட்டது என்று வீட்டில் சத்தம்.

கடிதத்தை அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். நேற்றும் எடுத்து, பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதிய மார்ச் மாதத் தேதியைப் போடலாம், அன்று கொடுக்கவில்லை. இன்றைய தேதியைப் போடலாம், இன்று எழுதவில்லை. எதைப் போட்டாலும், அவளுக்கு நான் போட்ட இரண்டாவது பொய்த் தேதியாக அது இருக்கும்.